புகை இயந்திரத்துக்கு வாங்கிய கேன்

நாடகக் குழுவில் அவனை எல்லோரும் புகைக்காரன் என்றே கூப்பிடுவார்கள். மேடையில் புகை விடுவது அவன் வேலை. கடையில் கலந்து விற்கும் திரவத்தை அவன் சீண்டமாட்டான். புரோப்பிலீன் கிளைகால் வாங்கி, தண்ணீர் விட்டுத் தானே கலப்பான். நிறமில்லாமல், வாசனையில்லாமல், வழுவழுவென்று இருக்கும் சரக்கு. இருமல் மருந்திலும் முகக் களிம்பிலும்கூடச் சேர்க்கிறார்கள். கலவை சரிதானா என்று அளந்தெல்லாம் பார்க்கமாட்டான், சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைப்பான். லேசாகத் தித்தித்தால் சரி. பார்க்கிறவர்களுக்குக் குமட்டும், அவனுக்கோ அதில் பெருமை பிடிபடாது.

இந்த மாதம் கேனை முதலாளியே வாங்கி வந்தார். மேலே ஒட்டியிருந்த சீட்டு கிழிந்திருந்தது. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. நாக்கில் வைத்தான், கொஞ்சம் தூக்கலாகவே தித்தித்தது. நல்ல சரக்கு என்று தலையாட்டிவிட்டான்.

கடைசிக் காட்சியில் பிணமாகப் படுப்பது அவனுடைய தங்கை. முழுசாகப் பத்து நிமிடம் புகைக்குள் அசையாமல் கிடக்க வேண்டும். மூன்றே நாளில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நான்காம் நாள் பிணம் இருமி இருமி எழுந்தே உட்கார்ந்துவிட்டது. அரங்கமே சிரித்தது. இன்னொரு முறை இருமினால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்று முதலாளி சொன்னதாக வீட்டில் வந்து அழுதாள்.

மறுநாள் பகல் காட்சிக்கு முன், கேனைக் கவிழ்த்து மிச்சத்தை இயந்திரத்தில் வடித்தான். கேனின் அடியில் இன்னொரு சீட்டு இருந்தது. எத்திலீன் கிளைகால். வண்டி ரேடியேட்டரில் ஊற்றுகிற சனியன். அதுவும் தித்திக்கும், அதுவும் வழுவழுக்கும். வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். நாக்கைச் சட்டை நுனியால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தான். அருவருப்பு போகவில்லை. இந்த நாக்கை நம்பித்தானே அவள் படுத்தாள் என்று நினைத்தவன் நேரே முதலாளியிடம் போனான்.

முதலாளி தன் அறையில் பல் குத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டும் குச்சி நிற்கவில்லை.

"ரெண்டும் கிளைகால்தானேப்பா, ரெண்டும் ஒண்ணுதான். நீயே நக்கிப் பாத்துட்டு நல்ல சரக்குன்னு சொன்னே."

புகைக்காரன் மேடைக்குப் போய் இயந்திரத்தைத் தூக்கிவந்து அவருடைய மேசைமேல் வைத்தான். சன்னலைச் சாத்தினான். மின்சார வயரைச் செருகினான்.

"ஒண்ணுதான்னா பத்து நிமிஷம் இங்கேயே உக்காருங்க. தங்கச்சி அவ்வளவு நேரம்தான் படுக்கிறா."

இயந்திரம் சூடேற எப்படியும் ஐந்து நிமிடம் ஆகும். ஒரு இழை புகைகூட வரவில்லை. அதற்குள் முதலாளியின் கை சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை உருவி மூக்கைப் பொத்திக்கொண்டது.

பிண வேடத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டு வந்த தங்கை, வாசலில் நின்று பேச்சைக் கேட்டு, அதையும் பார்த்துவிட்டாள். முகத்துப் பூச்சை உள்ளங்கையால் வழித்து அவர் மேசையில் தடவிவிட்டு, அண்ணனைச் சட்டையோடு பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.