ஐந்நூறுக்குக் கீழே போன கணக்கும் பாய் கட்டிய வண்டியும்

மாட்டு வண்டியில் படகுப் பாய் விரித்து பஸ்ஸை முந்தினேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அதைக்கூட நம்பிவிடுகிறவர்கள் உண்டு. ஒரு ரூபாய்க்காக முந்தினேன் என்றால்தான் ஒருவரும் நம்புவதில்லை.

யுத்தம் முடிகிற வருஷம். நானும் காயல்பட்டினம் காஜா முஹ்யித்தீனும் கூட்டாகக் கருவாட்டு வியாபாரம் செய்துகொண்டிருந்தோம். தூத்துக்குடி பாங்கு ஒன்றில் கரண்ட் அக்கவுண்ட். சேமிப்புக் கணக்கு என்றால் வட்டி தருவார்கள். காஜா வட்டியைக் கையால் தொடமாட்டான். கரண்ட் அக்கவுண்டில் அந்தத் தொல்லை இல்லை. வேறொரு தொல்லை இருந்தது. மாதத்தின் கடைசி நாளில் இருப்பு ஐந்நூறுக்குக் கீழே கிடந்தால் ஒரு ரூபாயைப் பிடித்துக்கொள்வார்கள்.

திரேஸ்புரத்துப் படகுக்காரர் ஜேசுபாதத்திடம் ஒரு வள்ளம் விலை பேசி முடித்தோம். அதற்குப் புதுப் பாயும் நங்கூரமும் வாங்கியதுபோகக் கணக்கில் மிச்சம் நானூற்று எண்பது. வள்ளத்தின் விலையும் அதேதான். செக் எழுதிக் கொடுத்தோம்.

"மாதா திருவிழாவுக்கு முந்தி ஒருநாள் மாத்திக்கிடுதேன். செக்கு திரும்பிச்சோ, வள்ளம் கீழவைப்பார்க்காரனுக்குத்தான். அவன் ரொக்கத்தோட நிக்கான்," என்றார் ஜேசுபாதம்.

"திரும்பாதுவே," என்றான் காஜா. "மாசம் முடிய இன்னும் நாள் கிடக்கு. பிறையே தெரியல."

எனக்கும் அது சரியாகவே பட்டது. என் கணக்கில் ஆடி பாதிதான் ஆகியிருந்தது.

ஒரு மத்தியானம் காயல்பட்டினத்தில் இருந்தோம்; காஜாவின் மனைவி ராஹிலா வந்து சொன்னாள்: "உப்பளத்துல இன்னைக்குச் சம்பளமாம். இங்கிலீசு மாசம் இன்னையோட சரியாம். ஏங்க, ஒங்க பாங்கு எந்த மாசத்துல நடக்குது?"

காஜா எழுந்தே விட்டான். "அல்லாவே! ஏலே நயினார், ஒரு ரூவா போச்சுன்னா செக்கு திரும்பிருமே! வள்ளம் போச்சுலே!"

இருபது ரூபாய் கட்டினால் ஐந்நூறு. பாங்கு இரண்டு மணிக்கு மூடும். பஸ்ஸோ போய்விட்டது.

"வண்டியப் பூட்டுதேன்," என்றேன்.

"ஒன் மாடு நாளைக்குத்தான் கொண்டு சேக்கும்."

"மாட்ட யாரு கேட்டா? பாய எடுலே!"

ஏணியைப் பாய்மரமாக நட்டுப் புதுப் பாயை ஏற்றினோம். ஆடிக்காற்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது போலிருக்கிறது. கொஞ்ச தூரம் மாடு வண்டியை இழுத்தது. பிறகு வண்டி மாட்டைத் தள்ளியது. தும்பை அவிழ்த்துவிட்டேன், ஓடுகிற வண்டியில் அதுவாகவே ஏறி, காலை மடக்கி உட்கார்ந்து அசைபோட ஆரம்பித்தது.

ஆத்தூர்ப் பாலம் நிறைய நெல் வண்டிகள். ஆற்றிலேயே இறக்கிவிட்டோம். வண்டிக்கு நீச்சல் தெரியும் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். அக்கரையில் பஸ் கரிப்புகையைக் கக்கிக்கொண்டு போனது. பக்கத்தில் போனபோது கண்டக்டர் பழக்கதோஷத்தில் எங்களிடம் கையை நீட்டி, "டிக்கெட்!" என்றான்.

"மாட்டுக்கு அரை டிக்கெட்டாலே?" என்று காஜா கத்தினான். பதில் காதில் விழவில்லை. பஸ் பின்னால் போய்விட்டது.

தூத்துக்குடிக்குள் எப்படி நிறுத்துவது என்பதை நாங்கள் யோசித்திருக்கவில்லை. பாங்கு வாசலில், பாயோடு சேர்ந்து வந்திருந்த நங்கூரத்தை வீசினேன். அது இரும்புக் கதவைப் பிடித்தது. வண்டி நின்றது, கதவும் எங்களோடு கொஞ்ச தூரம் வந்துதான் நின்றது.

உள்ளே கணக்கர் சிவனணைந்தபெருமாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார். காஜா முழங்கையை இடையில் கொடுத்தான்.

"அண்ணாச்சி, இருவது ரூவா! ஐநூறு ஆக்கிருங்க!"

அவர் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். "கட்டிக்கிடுதேன். அந்த மாட்ட வெளிய நிப்பாட்டுங்க."

பணம் ஏறியது. மணி இரண்டு அடித்தது. காஜா என்னைத் தூக்கிச் சுற்றினான்.

மறுநாள் காலை அதே ஜன்னலில் ஜேசுபாதம் செக்கை நீட்டினார். நானூற்று எண்பதும் அப்படியே வந்தது. அவர் எண்ணி முடிக்கும்வரை காஜாவும் கூடவே எண்ணினான். பிறகு ஜன்னலில் தலையை நுழைத்தான்.

"அண்ணாச்சி, கணக்க மூடுததுக்கு ஏதும் புடிப்பியளா?"

"ஒண்ணும் கிடையாது."

"அப்பம் இப்பமே மூடுங்க. இந்த மாசக் கடைசி என்னைக்கு வரும்னு யாரு பாத்துக்கிட்டு இருக்க?"

இருபது ரூபாய் கைக்குத் திரும்பியது. கரையில் வள்ளத்தில் பாயைக் கட்டினோம். ஜேசுபாதம் அதில் சிக்கியிருந்த வேப்பங்கொப்பை உருவிப் போட்டுவிட்டுச் சொன்னார்: "நேத்து நீங்க வந்தத ஊரே பாத்துச்சு. அந்த வேகம் கடல்ல வராது கேட்டியளா."

அவர் சொன்னது உண்மை. வள்ளம் எங்களுடையதாகிப் பதினைந்து வருஷம் ஓடியது. பஸ் எதையும் அது முந்தியதே இல்லை.