மூன்று ஞாயிறு பயிற்சி

சிறையில் பகடை வைத்திருந்தால் சூதாட்டம் என்று பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் மூத்த கைதி மார்வின் காகிதத் துண்டுகளில் ஒன்று முதல் இருபது வரை எழுதி, காப்பிக் கோப்பையில் போட்டுக் குலுக்குவார். கைக்கு வந்த எண்தான் விதி. ஞாயிறுதோறும் நடக்கும் அந்த விளையாட்டில் அவர் கதையை நடத்துவார். சக கைதிகளான லைலும் டிராவிஸும் ஆளுக்கொரு கற்பனை ஆளாகி, அந்த ஆளின் திறமைகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அரக்கர்களோடு மோதுவார்கள். லைல் எப்போதும் காயத்துக்குக் கட்டுப்போடும் சாமியார்தான். ஆறு வருஷத்தில் ஒருநாளும் வாளைத் தொட்டதில்லை.

இன்னும் ஒன்பது நாளில் அவனுக்குப் பரோல் விசாரணை. இரண்டு வயதில் விட்டுவந்த மகள் இப்போது மில்வாக்கி நகரில் அவனுக்காக ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறாள். ஓர் அடிதடியில் பெயர் வந்தால் போதும், எல்லாம் மண்.

அந்த ஞாயிறு மத்தியானம் டிராவிஸ் மேசையைத் தட்டினான். "என் ஆளு லெவல் ஏறிட்டான். ஒரே அடியில சாய்க்கிற வித்தை வந்தாச்சு. இன்னிக்கே டிராகன் மேல இறக்குறேன்."

"வித்தை சும்மா வராதுடா," என்றார் மார்வின். "உன் ஆளு பயிற்சிக்குப் போகணும். மூணு ஞாயிறு நீ ஆடாம உக்காரணும். எல்லாருக்கும் அதே சட்டம்தான்."

"பெருசு, புதன்கிழமை என்னை வேற ஜெயிலுக்கு மாத்துறாங்க. மூணு ஞாயிறுக்கு நான் எங்க போக?"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

டிராவிஸ் லைல் பக்கம் திரும்பினான். "நீயே சொல்லுப்பா. பார் வாசல்ல ஒரே குத்து, ஆள் காலி. எந்த வாத்தியார்கிட்ட கத்துக்கிட்ட?"

லைலைச் சிறைக்குக் கொண்டுவந்த குத்து அது, கார் நிறுத்தும் இடத்துக்காக வந்த சண்டை. விழுந்தவனின் தலை நடைபாதை விளிம்பில் மோதியது. லைல் அதுவரை யாரையும் அடித்ததே இல்லை.

"யார்கிட்டயும் இல்ல," என்றான்.

"கேட்டியா பெருசு!"

"அது வித்தை இல்ல, சனியன். என் மேசையில நடக்காது." கோபத்தில் மார்வின் செய்யக்கூடாததைச் செய்தார். டிராவிஸின் தாளை இழுத்து, அந்த வித்தை எழுதியிருந்த வரியைப் பேனாவால் அடித்தார். அடுத்தவன் தாளில் யாரும் கைவைப்பதில்லை. அது அவரே போட்ட சட்டம்.

டிராவிஸ் அவர் முகத்தில் குத்தினான். கீழே தள்ளி மறுபடி குத்தினான். மற்ற மேசைகளில் இருந்தவர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

லைலின் வலக்கை தானாக மூடிக்கொண்டது. ஒரே ஓர் அடி, எல்லாம் நின்றுவிடும். அந்தக் கைக்கு இன்னும் என்ன தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டான். பொறுத்தார் பூமியாள்வாராம். பூமி யாருக்கு வேண்டும்? வாசல் திறந்தால் போதும். மார்வின் இரண்டு முறை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். காவலர்கள் ஓடிவர நாலு நிமிஷம் ஆனது.

ஒன்பதாம் நாள், பரோல் விசாரணைக் குழுவில் இருந்த அம்மாள் லைலின் ஃபைலைப் புரட்டினாள். "கண்ணு முன்னாடி நண்பரை அடிச்சிருக்காங்க. நீங்க கையே ஓங்கலையா?"

"இல்ல மேடம்."

"பத்தொன்பது வருஷத்துல நல்லாவே கத்துக்கிட்டிருக்கீங்க," என்று எழுதிக்கொண்டாள். பரோல் கிடைத்தது.

லைல் நேரே மருத்துவ அறைக்குப் போனான். மார்வினின் இடது கண் போய்விட்டிருந்தது.

"கிடைச்சிருச்சு," என்றான். சொல்லும்போதே வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அன்னிக்கு நீ அங்கதான இருந்த?"

"அங்கதான் இருந்தேன்."

மார்வின் தலையாட்டினார். பிறகு மிச்சமிருந்த கண்ணையும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.