மூன்றாம் வரியில் ஒரு மைனஸ்

...இல்லை, இரண்டு மைனஸ் வரக்கூடாது, இந்தப் பழைய நோட்டில் ஒன்றுதான் இருக்கிறது, அப்படியானால் எங்கேயோ நான்தான் சறுக்குகிறேன், மறுபடியும் முதலிலிருந்து. துணி துவைக்கும் மெஷின் நாற்பத்தெட்டு காட்டும்போது உட்கார்ந்தேன், இப்போது முப்பத்தொன்று. பதினேழு நிமிடமாக ஒரே கணக்கு, அதிலும் மூன்றாம் வரியைத் தாண்டவில்லை, நாளைக் காலை பத்து மணிக்கு நுழைவுத் தேர்வில் இப்படி முப்பது கணக்கு... விளங்கிவிடும். எக்ஸ் பெருக்கல் சைன் எக்ஸ், தொகையிடுக. இதையெல்லாம் கல்லூரியில் கரைத்துக் குடித்தவள் நான். குடித்தது எங்கே போயிற்று? பதினெட்டு வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களுக்கு லேபிள் ஒட்டியதில் மண்டையையும் சேர்த்து மூடி ஒட்டிவிட்டேனா? மெஷினுக்குள் என்னவோ டொக் டொக்கென்று முட்டுகிறது, மகள் பாக்கெட்டைப் பார்க்காமல் போட்டிருப்பாள், எத்தனை தடவை சொல்வது, சரி, இப்போது அது முக்கியமா, சைனைத் தொகையிட்டால் மைனஸ் காஸ், அது ஒரு மைனஸ், சூத்திரத்திலேயே ஏற்கெனவே ஒன்று, ஆக இரண்டு... நோட்டில் ஒன்று.

இந்த நோட்டுக்காரியை எனக்குப் பிடிக்கவில்லை. பத்தொன்பது வயது, முத்து முத்தான கையெழுத்து, ஸ்கேல் வைத்து அடிக்கோடு, பக்கத்துக்குப் பக்கம் பேராசிரியரின் சிவப்பு டிக், பின்னட்டையில் தொண்ணூற்றெட்டு என்று எழுதி வட்டம் வேறு போட்டிருக்கிறாள், திமிர். அவள் நான்தான் என்பதைக் கையெழுத்தைப் பார்த்துத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அவளை நம்பித்தான் புள்ளியியல் முதுகலைக்கு விண்ணப்பம் போட்டேன், அவளை நம்பித்தான் போன வெள்ளிக்கிழமை வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன், நாளை கவிழ்ந்தால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. "திரும்பி வந்துடாதீங்கக்கா" என்று கூட வேலை பார்த்த, நாங்கள் சுண்டெலி என்று கூப்பிடும் பெண் கிண்டலாகச் சொன்னாள். கணவர் வேறு, "நீ தொண்ணூத்தெட்டு வாங்கினவளாச்சே, லேசா தூசி தட்டினா போதும்" என்று நேற்றிலிருந்து பத்துத் தடவை. தட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், தூசிதான் வருகிறது. நாற்பது வயதில் இந்தச் சின்னப் பெண்ணிடம் கெஞ்ச வெட்கமாக இருக்கிறது, பொறாமையாகவும் இருக்கிறது... சொல்லித் தொலையேன்டி, இன்னொரு மைனஸை எங்கே வைத்தாய்?

இன்னும் நான்கு நிமிடம் காட்டுகிறது. மெஷின் தரை அதிரச் சுற்றுகிறது. வேறு வழி தோன்றாமல் அவளுடைய விடையிலிருந்து பின்னோக்கி வந்தேன், வகையிட்டுப் பார்த்தால் காஸ் இரண்டும் அடிபட்டுப்போய் எக்ஸ் சைன் எக்ஸ் வந்து நிற்கிறது, விடை சரி. அந்த விடையில் ஒரு பிளஸ் இருக்கிறது. அது வர வேண்டுமானால் மேல் வரியில் இரண்டு மைனஸ் இருந்தே ஆக வேண்டும்... என் தாளில் இருக்கிறது. அவளிடம் ஒன்றுதான், ஆனாலும் அடுத்த வரியில் கூச்சமே இல்லாமல் பிளஸ். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது ஒரு கோட்டை விட்டிருக்கிறாள், விட்டதுகூடத் தெரியவில்லை, தப்பின் மேலேயே நீளமாக ஒரு சிவப்பு டிக். சிரிப்பு வந்தது. நான் சரி, அவள் தப்பு! எழுந்து போய் யாரிடமாவது சொல்லக் கால் பரபரத்தது, அதற்குள் கல்லூரி விடுதியின் மாடிப்படி ஞாபகம் வந்துவிட்டது, ஏறி இறங்கி, ஏறி இறங்கி, இந்தக் கணக்குகளை வரி வரியாக ஒப்பித்தது, ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்காமல்... உட்கார்ந்துவிட்டேன். மெஷின் கீச்சிட்டு நின்றது. "என்ன, எல்லாம் ஞாபகம் வந்துடுச்சா?" என்று உள்ளேயிருந்து கணவர் கேட்டார். ஞாபகம் வர அங்கே என்ன இருந்தது என்று அவருக்கு எப்படிச் சொல்வது? "துணி ஆயிடுச்சு, வந்து எடுங்க" என்றேன். நோட்டு இருநூறு பக்கம், பக்கத்துக்கு இரண்டு மூன்று டிக்காவது இருக்கும், இதில் எத்தனை... எண்ணத் தொடங்கி, நிறுத்தி, நோட்டை மூடினேன். நாளை பத்து மணிக்குத் தேர்வுக்கு அவள் வரமாட்டாள், நான்தான் போக வேண்டும்.