ஒரு முழம் குறைவாக

பெட்ரோல் பங்க்கைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரியும். நேராகப் போனால் தொண்ணூறு கிலோமீட்டரில் ஹல்லவாரா மலை. இடது பக்கம் திரும்பினால் நாலே நிமிடத்தில் கொர்ப்பி குன்று. மூன்று குளிர்காலமாக ஐலா சனிக்கிழமை தவறாமல் நேராகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மகள் மைஜு, மடியில் கிடந்த ஹெல்மெட்டைத் தட்டிக்கொண்டே, "லெஃப்ட்ல திருப்பும்மா" என்றாள்.

ஐலா திருப்பவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"இந்த சீசனுக்கு எந்தக் குன்றுல பயிற்சின்னு திங்கக்கிழமைக்குள்ள ஸ்னோபோர்டு கிளப்புக்கு எழுதிக் குடுக்கணும். நீ பாட்டுக்கு ஹல்லவாரான்னு எழுதிடுவ."

"எழுதினா என்ன? அகலமா, நீளமா, நல்ல மலை. கம்பில தொங்கிப் போற நாற்காலில உக்காந்து மேல போகலாம்."

"உக்காந்துக்கிட்டுத்தான் இருக்கேன். தெர்ஹோ சொன்னது உன் காதுல விழலியா?"

விழாமல் என்ன? பயிற்சியாளர் தெர்ஹோ வாயைத் திறப்பதே அபூர்வம். போன வாரம் திறந்து தொலைத்தார். "பதிமூணு வயசுப் பொண்ணு, பஸ்ல வர்ற மாதிரி ஸ்னோபோர்டுல எறங்கி வர்றா. ஹல்லவாரால மணிக்கு நாலு தடவ எறங்குனா அதிகம். கொர்ப்பில மோட்டார் இழுக்குற கயித்தப் புடிச்சு ஏறினா இருவது தடவ. குதிக்கணும், விழணும், மறுபடி கயித்தப் புடிக்கணும். அப்பத்தான் வரும்."

ஐலாவுக்கு இது தெரியாதா? கொர்ப்பியில் பனியைச் சமன்செய்யும் வண்டியை ஓட்டுகிறவளே அவள்தான். வார நாட்களில் குன்றைச் சீவுவதும், பிள்ளைகள் பலகையோடு பாய்ந்து குதிக்கப் பனியில் குதிமேடு கட்டுவதும் அவள் வேலை. மூன்று வருடத்துக்கு முன்னால், அவள் கட்டிய மேட்டில் குதித்துத்தான் பத்து வயது மைஜுவுக்குத் தொடையெலும்பு முறிந்தது. அந்தச் சத்தம் வண்டிக்குள் கேட்டிருக்க வழியே இல்லை; ஆனாலும் ஐலாவுக்கு அது கேட்டது, இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அன்றிலிருந்து எந்த மேட்டையும் அவள் உயர்த்திக் கட்டியதில்லை. யார் பெற்ற பிள்ளையும் தன் கையால் இனிப் படுக்கையில் விழக்கூடாது. பெரிய பையன்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"சரி, போய்ப் பாப்போம். பாத்துட்டு உடனே கெளம்பிடணும்."

மைஜு பதில் சொல்லவில்லை. அந்த ஊரில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஐலாவும் அப்படியே எடுத்துக்கொண்டு இடது பக்கம் திருப்பினாள்.

மணி ஒன்பதுகூட ஆகவில்லை. குன்றில் ஒரு ஈ காக்கை இல்லை. மைஜு விறுவிறுவென்று பனியில் நடந்து ஏறிப்போய் மேட்டின் பக்கத்தில் நின்றாள். அது அவள் இடுப்புக்குத்தான் வந்தது.

"இதுக்குப் பேரு குதிமேடா? கேட்டா மேடே சிரிக்கும்."

"போதும்டி கிண்டல்."

"கிண்டல் இல்லம்மா. கீழ பாரு. மேட்டுக்கும் அந்தச் சரிவுக்கும் நடுவுல சமதளம் இருக்குல்ல? அதத் தாண்டிச் சரிவுல விழுந்தா அப்பிடியே வழுக்கிட்டுப் போயிடலாம். மேடு தணிவா இருந்தா தாண்ட முடியாது. சமதளத்துல மடேர்னு விழணும். நான் அப்பிடித்தான் விழுந்தேன்."

"அன்னிக்கு மேடு ஒசரமா இருந்துச்சு."

"முந்தின நாள் ஒசரமா இருந்துச்சு. நாலு தடவ குதிச்சேன், நாலும் சரிவுல. உன்கிட்ட ஓடி வந்து சொன்னேன். மறுநாள் காலையில பாத்தா ஒரு முழம் கொறஞ்சிருந்துச்சு."

ஆமாம், ஐலாதான் சீவினாள். பிள்ளை பெருமையாகச் சொன்ன அந்த நாலு குதியைக் கேட்டு, பயந்துபோய், விடிந்ததும் முதல் வேலையாகச் சீவினாள். இன்னும் கொஞ்சம் சீவியிருந்தால் கால் தப்பியிருக்குமே என்று இந்த மூன்று வருடமும் தன்னையே தின்றுகொண்டிருந்தாள்.

"எப்பலேருந்து தெரியும் ஒனக்கு?"

"ஆஸ்பத்திரில கெடந்தப்பவே."

"ஏன்டி சொல்லல?"

"நீ அழுதுக்கிட்டே இருந்தியேம்மா."

ஐலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மைஜு அவள் முழங்கையைத் தொட்டாள். "இத ஒசத்திக் கட்டு. ஒரே ஒரு தடவ குதிக்கிறேன். அப்புறம் பேப்பர்ல எந்தக் குன்ற வேணா எழுது, வாயே தொறக்க மாட்டேன்."

ஐலா கொட்டகையைத் திறந்து வண்டியை எடுத்தாள். பனியைத் தள்ளிக் குவித்தாள், அழுத்தினாள், மறுபடி குவித்தாள். வண்டியை நிறுத்தி எட்டிப் பார்க்கும்போதெல்லாம் மைஜு "இன்னும்" என்றாள். "போதும்டி" என்றால், "இன்னும்மா." கடைசியில் மேடு அவள் தோளுக்கு வந்தது. பனி இறுகட்டும் என்று இருவரும் வண்டிக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஐலா கயிற்றின் மோட்டாரைப் போட்டாள். மைஜு ஸ்னோபோர்டுப் பலகையில் கால்களைப் பூட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து மேலே போனாள்.

உச்சியில் நிற்பவர்களுக்கு மேட்டின் அந்தப் பக்கம் தெரியாது. யாராவது ஒருவர் மேட்டின் ஓரத்தில் நின்று, கீழே ஆள் இல்லை என்று பார்த்துக் கையைத் தூக்க வேண்டும். கை மேலே போகாமல் யாரும் புறப்படக் கூடாது. பையன்கள் இருந்தால் அவர்களில் ஒருவன் நிற்பான். இன்றைக்கு ஐலாவை விட்டால் ஆள் இல்லை.

அவள் கீழே பார்த்தாள். யாரும் இல்லை. மறுபடியும் பார்த்தாள். ஒரு நாயாவது குறுக்கே வரக்கூடாதா என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது. சரிவு துடைத்துவிட்டதுபோலக் கிடந்தது. உச்சியில் மைஜு முழங்காலை மடக்கி, அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஐலா கையுறையைக் கழற்றினாள். வெறுங்கையைத் தலைக்கு மேலே, எட்டுமட்டும் உயர்த்தினாள். உச்சியிலிருந்து பலகை பனியை உரசும் சத்தம் கிளம்பி, அவளை நோக்கி வந்தது.