பளபளத்த செம்பு

பகல் இரண்டு மணிக்கு முதல் ஷிப்ட் மேலே வர வேண்டும். ஒன்றே முக்காலுக்கு தங்கச் சுரங்கத்தின் நந்திதுர்க் ஷாஃப்டில், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜை இழுக்கும் மோட்டாரின் மின்பேனல் முன்னால் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

பெங்களூரிலிருந்து வந்த விற்பனைப் பிரதிநிதி மனோகர் இரண்டு கருவிகளோடு வந்திருந்தார். ஒன்று, சூட்டைப் படமாகக் காட்டும் கேமரா. மற்றது, குறிவைத்தால் டிகிரி சொல்லும் துப்பாக்கி. இரண்டில் எதை வாங்குவதென்று முடிவு செய்ய வேண்டியவர் எஞ்சினியர் சௌந்தரராஜன். ஃபோர்மேன் ஏனோக்கிடம் இருந்தது, நீளமான ரப்பர்க் கழியின் நுனியில் செருகிய மெழுகுவத்தி. அது டெண்டரில் கலந்துகொள்ளவில்லை.

"கேமரா முப்பத்தாறுன்னு சொல்லுது. துப்பாக்கியும் முப்பத்தாறு" என்றார் சௌந்தரராஜன். "நீ இன்னா சொல்றே ஏனோக்?"

"மெழுகு வெச்ச உடனே ஒழுகுது சார். நடு ஜாயிண்ட் காயுது. கேஜை நிறுத்தணும்."

"ரெண்டு மெஷின் பொய், உன் மெழுகுவத்தி நிஜமா?"

செம்புப் பட்டைகளைச் சேர்க்கும் அந்த ஜாயிண்ட் நடுவழியில் விட்டுப்போனால் கேஜ் இருட்டில் அந்தரத்தில் நிற்கும். இருபத்துநாலு பேர். அதில் ஒருவன் ஏனோக்கின் தங்கை ஐடாவின் புருஷன். கேஜை ஓட்டலாம் என்று ஃபோர்மேன் கையெழுத்துப் போட வேண்டிய நோட்டு மேசையில் திறந்தே இருந்தது.

"விருந்தாளி முன்னாடி ஷிப்டை நிறுத்தினா சூப்பரின்டென்டெண்டுக்கு யார் பதில் சொல்றது? போடுப்பா கையெழுத்து" என்றார் சௌந்தரராஜன்.

விருந்தாளி வருகிறார் என்றால் செம்புப் பட்டைகளைக் கண்ணாடியாகத் தேய்த்து வைப்பது வெள்ளைக்காரன் காலத்து ஒழுங்கு. வெள்ளைக்காரன் போய் ஐம்பது வருஷம் ஆகியும் ஒழுங்கு போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கரண்டை நிறுத்தி நான்கு பேர் தேய்த்திருந்தார்கள். ஏனோக்கும் தேய்த்திருந்தார்.

மனோகர் துப்பாக்கியை எடுக்கக் குனிந்தார். ஸ்டாண்டில் இருந்த கேமராவின் திரையில் எண் இருபத்தெட்டுக்கு இறங்கியது. நிமிர்ந்தார். முப்பத்தாறு.

"சார்" என்றார் ஏனோக் மெதுவாக. "இன்னொரு வாட்டி குனிங்க."

மனோகர் குனிந்தார். இருபத்தெட்டு.

"செம்பு காயறதை அது காட்டல. இவரு ஒடம்புச் சூட்டைத்தான் காட்டுது. பளபளன்னு கீதுல்ல, கண்ணாடி கணக்கா. பக்கத்துல கறுப்பு டேப் சுத்தின கேபிளைப் பாருங்க, அதை நாங்க தேய்க்கல."

மனோகர் கேமராவைத் திருப்பினார். தொண்ணூற்றெட்டு. நூற்றொன்று.

அப்போது மணி அடிக்க ஆரம்பித்தது. மூன்று முறை அடித்தால் ஆட்கள் ஏறிவிட்டார்கள், இழுக்கலாம் என்று அர்த்தம். இரண்டாவது மணியிலேயே ஏனோக் கேஜை ஓட்டும் வைண்டர் டிரைவரிடம் ஓடியிருந்தார்.

"முனியப்பா, எடுக்காத. கை வைக்காத."

முனியப்பனின் கை லீவர் மேல் நின்றது. மூன்றாவது மணி அடித்து ஓய்ந்தது. ஏனோக் போனை எடுத்து, கேஜிலிருந்து எல்லாரையும் இறங்கச் சொன்னார்.

கரண்டை நிறுத்தி ஜாயிண்டைக் கழற்றியபோது, பட்டையின் உட்புறம் கரியாகியிருந்தது. போல்ட் இறுக்கம் விட்டு, கையுறை போட்ட விரலாலேயே சுழன்றது. சௌந்தரராஜன் போல்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, சுடுகிறதென்று கீழே போட்டார்.

"கேமராவே வாங்கிடலாம்" என்றார். "ஆனா இனிமே எவனும் தேய்க்கக் கூடாது."

கேஜ் மூன்றரைக்கு மேலே வந்தது. முதலில் வெளியே வந்தவன் ஐடாவின் புருஷன்.

"இன்னா மச்சான், ஏத்தி உட்டுட்டு எறக்கறீங்க, வெளையாட்டா? ராபர்ட்சன்பேட்டை பஸ்ஸு போச்சு. உங்க தங்கச்சிக்கு நீங்களே வந்து பதில் சொல்லுங்க."

"வரேன்" என்றார் ஏனோக். அவன் தோளில் போட்ட கையை எடுக்க மறந்தவராய் கேட் வரை கூடவே நடந்தார்.