ஐந்து தப்பு வாக்கியங்கள்

"உன் பேரு பூப்பே, சரியா?" என்று குழந்தைகள் நல அதிகாரி கசூபா பக்கத்தில் கிடந்த காலி முக்காலியிடம் கேட்டாள். முக்காலி ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் முதல் வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததைப் படித்தாள். "இப்போ நாம மீன் கழுவிட்டிருக்கோம்." மூன்றாவது, "எனக்கு நூறு வயசு." நான்காவது, "நீ வந்தது ஆனை மேல." ஐந்தாவது வாக்கியம் இன்னும் அகப்படவில்லை. அடுப்பில் ஒரு ஆளுக்கான மக்காச்சோளக் களி கெட்டியாகிக்கொண்டிருந்தது. ஒரு ஆளுக்குக் களி கிண்டுவது எவ்வளவு சிரமம் என்று தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒன்று அடி பிடிக்கும், இல்லையென்றால் மிஞ்சும்.

நாளைக் காலை சோலா வருகிறாள். எட்டு வயது. தாய் தகப்பன் இல்லாமல் மாமன் வீட்டில் வளர்ந்த பெண். இரண்டு உள்ளங்கைகளும் வெந்து, மூன்று வாரமாக வேறொரு வீட்டில் பாதுகாப்பில் இருக்கிறாள். கரியடுப்பில் தானாக விழுந்தாள் என்கிறாள் அத்தைக்காரி. விழுகிற பிள்ளை இரண்டு கையையும் ஒரே மாதிரி, ஒரே அளவில் சுட்டுக்கொள்ளுமா என்பது கசூபாவின் சந்தேகம். சந்தேகத்தை அறிக்கையில் எழுத முடியாது. பார்த்த சாட்சி ஒருவரும் இல்லை. சோலா வாயைத் திறந்து சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை அதே வீட்டுக்குத் திரும்பிப் போகவேண்டியதுதான்.

ஆனால் இந்த ஊரில் பெரியவர்கள் சொன்னதற்குப் பிள்ளைகள் 'இல்லை' என்று சொல்வதில்லை. சொன்னால் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கபாம்பா என்கிற பையனிடம், "நீயாத்தான விழுந்த?" என்று கேட்டாள் கசூபா. "ஆமாம்மா" என்றான். எழுதினாள், முத்திரை குத்தினாள், அனுப்பிவைத்தாள். இரண்டே மாதத்தில் அவன் அதே வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தான். இப்போது இடது காது கேட்காது. சந்தையில் இவளைப் பார்த்தால் இன்றைக்கும் மண்டியிட்டு, கை தட்டி வணக்கம் சொல்கிறான். அந்த வணக்கத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த நோட்டு. முதலில் தப்புத் தப்பாகச் சொல்லவேண்டும். பிள்ளை 'இல்லை' என்று திருத்தவேண்டும். திருத்தப் பழகிய பிறகுதான் விஷயத்துக்குப் போகலாம்.

நோட்டை மூடிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். "உப்பு சரியா இருக்கு" என்றாள் சத்தமாக. புருஷன் சிசங்கா உயிரோடு இருந்திருந்தால், "இல்ல, கம்மி" என்றிருப்பான். மழை வரும் என்றால் வராது என்பான். வராது என்றால் மேகத்தைக் காட்டுவான். பத்தொன்பது வருடம் அந்த 'இல்ல'வோடு மல்லுக்கட்டினாள். அவன் போய் ஐந்து வருடம் ஆகிறது. ஆபீசிலும் எல்லோருக்கும் மூத்தவள் இவள்; எதிர்த்துப் பேச ஆளில்லை. தப்பாகச் சொன்னாலும் சொன்னபடியே விட்டுவிடுகிறார்கள். தனிமை என்றால் இதுதான் என்று இப்போதெல்லாம் அவளுக்குத் தோன்றுகிறது.

காலையில் டிரைவர் முத்தாலேயும் அவளும் ஆபீஸ் மேசையைத் தூக்கி வெளியே வைத்தார்கள். உள்ளே இரண்டு முக்காலிகளைப் பக்கம் பக்கமாகப் போட்டாள். எதிரே போட்டால் பிள்ளை பெரியவர் முகத்தைப் பார்க்க வேண்டிவரும். பார்க்காது, தலையைக் குனிந்துகொள்ளும். நடுவில் ஒரு கூடை வேர்க்கடலை, பருப்புக்கு ஒரு கிண்ணம், தோலுக்கு ஒரு சாக்கு.

"பொய் சொல்றதுக்கு ஒத்திகை பாக்குற ஒரே கவர்மெண்டு ஆளு நீங்கதாம்மா" என்றான் முத்தாலே.

"மத்தவங்களுக்கு ஒத்திகை தேவைப்படல" என்றாள் கசூபா.

சோலா வந்து மண்டியிட்டாள். உள்ளங்கைகள் ஒட்டாமல் விரல் நுனிகளை மட்டும் தட்டினாள். சத்தமே வரவில்லை. அத்தையும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வெளியே மாமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். முத்தாலே எவ்வளவோ சொல்லியும் நகரவில்லை.

"நான் தப்பாச் சொன்னா நீ திருத்தணும். நான் கோவிச்சுக்கவே மாட்டேன். உன் பேரு பூப்பேதான?"

"ஆமாம்மா."

"இப்போ நாம மீன் கழுவிட்டிருக்கோம்."

சோலா கையிலிருந்த கடலையைப் பார்த்தாள். "ஆமாம்மா."

நூறு வயதுக்கும் ஆமாம்மா. யானைக்கும் ஆமாம்மா. கபாம்பாவின் குரல்கூட இப்படித்தான் மரியாதையாக இருந்தது. ஐந்தாவது வாக்கியம் கைவசம் இல்லை. கசூபா கடலை உரிக்கத் தொடங்கினாள். ஆபீஸ் ஜன்னலைச் சாத்தியிருந்தும் அத்தையின் செருமல் உள்ளேவரை கேட்டது. வெள்ளிக்கிழமையை நினைத்துக்கொண்டே உரித்தாள், போட்டாள், உரித்தாள், போட்டாள்.

"அம்மா."

"ம்?"

"இல்லம்மா." சோலா குரல் கடலைத் தோலைவிட மெலிசாக இருந்தது. "பருப்பைச் சாக்குல போடுறீங்க."

கசூபா குனிந்து பார்த்தாள். கிண்ணம் முழுக்கத் தோல். இது நோட்டில் இல்லாத தப்பு. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. ஐந்து வருடத்துக்குப் பிறகு ஒருவர் அவளிடம் இல்லை என்கிறார்.

"நீ சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு" என்றாள். "இப்போ சொல்லு, உன் பேரு பூப்பேயா?"

தலையை நிமிர்த்தாமல், "இல்ல. சோலா."

"எனக்கு நூறு வயசு."

"இல்ல." உதட்டோரம் லேசாக அசைந்தது. "அம்பது."

நாற்பத்தாறுதான். கசூபா திருத்தவில்லை. இருவரும் சேர்ந்து சாக்கிலிருந்து பருப்பைப் பொறுக்கினார்கள்.

அப்போது வெளியிலிருந்து அத்தை இரைந்தாள். "உள்ள இன்னும் என்ன பேச்சு? எத்தன நாள் கேட்டாலும் அதத்தான் சொல்லுவா. தடுக்கி அடுப்புல விழுந்தா, அவ்வளவுதான்!" முத்தாலே அவளை அதட்டுவதும் கேட்டது.

சோலா தோளைக் குறுக்கினாள். ஒரு கடலையை எடுத்து விரல் நுனியால் உடைத்தாள். பருப்பைக் கிண்ணத்திலும் தோலைச் சாக்கிலும் கவனமாகப் போட்டாள்.

"இல்ல" என்றாள், கிண்ணத்தைப் பார்த்து.

கசூபா தலையாட்டவில்லை. ஆட்டினால் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும். திரும்பிப் பார்க்கவும் கூடாது. அடுத்த கடலையை எடுத்து உரித்தாள்.

"சொல்லு" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

சோலா விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் மலர்த்தி, பக்கம் பக்கமாக வைத்தாள்.