பல்லுக்கும் தங்க மை

அந்தப் பழைய இதழ் அட்டையில், கூட்டுப் பண்ணையில் மாடு கறந்த புருலுக்குப் பக்கத்தில் ஒரு கன்று நின்றதாக நினைக்கிறேன். இல்லாமலும் இருக்கலாம். அந்தக் காலத்து அட்டைகளில் எல்லோர் பக்கத்திலும் ஏதாவது கன்று நிற்கும். மேலே சிவப்பு எழுத்தில் எங்கள் பெண்கள் இதழின் பெயர். புருலின் வாய் மட்டும் மூடியிருக்கும். உழைப்பாளி பல்லைக் காட்டக் கூடாது என்பது அன்றைய ஆசிரியரின் கட்டளை.

பிறகு நாடு மாறியது, அட்டையும் மாறியது. கன்று போயிற்று, வயல் போயிற்று, முகம் மட்டும் மிஞ்சியது. முகம் நிறையப் பல்.

ஆண்டு மலருக்குப் புருலையே மறுபடி அட்டையில் போடலாம் என்றார் இப்போதைய ஆசிரியர் நுர்ஜமால். மலைப்பக்கத்து நாரினிலிருந்து தலைநகர் பிஷ்கெக் வந்த புருல், படம் எடுக்கும்போது வாய் நிறையச் சிரித்தார். மேல்வரிசை முழுக்கத் தங்கப் பல்.

வடிவமைப்பாளன் தாலாய் வழக்கம்போல் கணினியில் அத்தனையையும் வெள்ளையாக்கினான். மாதிரி அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போவேன் என்று புருல் உட்கார்ந்திருந்தார்.

"ஏப்பா, என் வாய்க்குச் சுண்ணாம்பு அடிச்சிருக்கே?"

"இப்ப வெள்ளைதாம்மா அழகு."

"உனக்கு அழகு. எனக்குச் சம்பந்தி இருக்கா, கலிச்சான்னு. அவ வாயில ரெண்டே தங்கப் பல்லு. அதக் காட்டுறதுக்கே கல்யாண வீட்டுல கொட்டாவி விட்டுக்கிட்டு இருப்பா. இதப் பார்த்தா, பல்ல அடகு வச்சுட்டான்னு ஊர் பூரா சொல்லிடுவா. எம்பொண்ணு அந்த வீட்டுலதான் குடியிருக்கா."

பக்கத்து மேசையில் நான் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். புருல் அட்டையின் தலைப்பில் விரல் வைத்தார். மலருக்காக இதழின் பெயரைத் தங்க மையில் அடிப்பதாக இருந்தது.

"பேருக்குத் தங்கம், பல்லுக்குச் சுண்ணாம்பா?"

தாலாய் தங்க மைக்கான அச்சுத் தகட்டில், பெயரோடு பற்களையும் சேர்த்தான்.

"ஆசிரியரம்மா கேட்டா?" என்றேன்.

"அச்சுப் பிழைன்னு சொல்லிடலாம் அண்ணே. அது உங்க மேசைதானே."

இதழ் வந்தது. கடையில் தொங்கிய மற்ற அட்டை முகங்களெல்லாம் ஒன்றுபோல் வெளுத்திருக்க, புருலின் வாய் மட்டும் வெயிலில் தகதகத்தது.

அடுத்த கல்யாணத்தில் கலிச்சா அட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "மைதான் மின்னுது. பல்லா மின்னுது?" என்றாராம். புருல் நாற்காலியை அவர் எதிரே இழுத்துப் போட்டு, விருந்து முடியும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாராம்.

நுர்ஜமால் தாலாயை நீக்கவில்லை; தங்க மையை நீக்கினார். தாலாய் இப்போது பல் மருத்துவர்களுக்கு விளம்பரம் வரைகிறான். கலிச்சா மேலும் நான்கு பல் கட்டிக்கொண்டார். புருலின் மகள் அதே வீட்டில் நலமாக இருக்கிறாள். புருல் இன்னும் மாடு கறக்கிறார். நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.